தைராய்டு கட்டி சாதாரணமானதா, புற்றா? ரத்தப் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும் எதைச் சொல்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழுத்து ஸ்கேனில் கட்டி என்று வந்ததும், இருக்கிற ரத்த டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. எடுத்த பிறகு கையில் நாலைந்து எண்கள் வரும். அதில் ஒன்றிரண்டு தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியோடு இருக்கும். அந்த அம்புக்குறியைப் பார்த்துத் தூக்கம் கெட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கே இருப்பது பொது விளக்கம். உங்களைப் பரிசோதித்த டாக்டர் சொல்வதுதான் உங்களுக்கானது.

ரத்தப் பரிசோதனையிலேயே புற்றுநோயா இல்லையா என்று தெரிந்துவிடுமா?

பெரும்பாலான தைராய்டு கட்டிகளில் தெரியாது. தைராய்டு புற்றுநோயில் மிக அதிகம் வருவது பாப்பிலரி வகை, அடுத்தது ஃபாலிகுலர் வகை. இரண்டுமே தைராய்டு ஹார்மோனைச் சுரக்கும் அதே செல்களிலிருந்து கிளம்புபவை. புற்றாக மாறிய செல்லும் மாறாத செல்லும் ரத்தத்தில் விடுவது ஒரே புரதத்தைத்தான். அதனால் ரத்தத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடிவதில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மெடுல்லரி எனப்படும் அரிய வகை வேறு செல்லிலிருந்து வருகிறது. அதற்குக் கால்சிடோனின் என்ற நல்ல குறி இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தாலே, ஆய்வுக்கு ஆய்வு மாறுபட்டாலும், 19 முதல் 68 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கட்டி தென்படுகிறது. பரிசோதிக்கப்படும் கட்டிகளில் புற்று என்று முடிவது 7 முதல் 15 சதவீதம்தான். கட்டி இருப்பது வேறு, புற்று இருப்பது வேறு.

அப்படியென்றால் டாக்டர் முதலில் டிஎஸ்ஹெச் எழுதுவது எதற்கு?

டிஎஸ்ஹெச் என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன். அதைப் பார்ப்பது புற்றைக் கண்டுபிடிக்க அல்ல, அடுத்து எந்த வழியில் போவது என்று முடிவு செய்ய. டிஎஸ்ஹெச் குறைவாக இருந்தால், அந்தக் கட்டியே தன் போக்கில் ஹார்மோனைச் சுரந்து தள்ளுகிறதோ என்ற சந்தேகம் வரும். அப்போது டெக்னீசியம் அல்லது கதிரியக்க அயோடின் கொடுத்து ஸ்கேன் எடுப்பார்கள். கட்டி அந்த மருந்தைச் சுற்றியுள்ள சுரப்பியைவிட அதிகமாக இழுத்துக்கொண்டால் அது 'ஹாட்' கட்டி. ஹாட் கட்டி புற்றாக இருப்பது மிக அபூர்வம் என்பதால் பெரும்பாலும் ஊசி டெஸ்டே (கட்டியில் ஊசி போட்டுச் செல்களை எடுத்துப் பார்ப்பது) தேவைப்படாது. ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை இவ்வளவு வேலையை மிச்சப்படுத்துகிறது.

டிஎஸ்ஹெச் நார்மலாகவோ அதிகமாகவோ இருந்தால் இந்த ஸ்கேனால் பெரிய பலன் இல்லை. அல்ட்ராசவுண்டில் கட்டியின் தோற்றம், அளவு இரண்டையும் பார்த்துத்தான் ஊசி போடுவதா என்று தீர்மானிப்பார்கள்.

டிஎஸ்ஹெச் அதிகமாக இருந்தால் புற்றுநோய்க்கு வாய்ப்பு அதிகம் என்று படித்தேன். உண்மையா?

கூட்டமாகப் பார்க்கும்போது உண்மை. பிரிட்டனின் பர்மிங்ஹாமில் கட்டிக்கு ஊசி டெஸ்ட் செய்த 1500 பேரைப் பார்த்து 2006ல் வெளியான ஆய்வில், டிஎஸ்ஹெச் ஏற ஏற, நார்மல் வரம்புக்குள்ளேயே ஏறினாலும், புற்றுக்கான வாய்ப்பும் ஏறியது. டிஎஸ்ஹெச் தைராய்டு செல்களை வளரத் தூண்டும் ஹார்மோன் என்பதால் இது பொருந்தியும் போகிறது. ஆனால் தனி ஒருவரின் ரிப்போர்ட்டில் 4.8 என்று வந்தால் அதிலிருந்து அவருக்குப் புற்று என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. தைராய்டு குறைபாடு இருக்கும் எத்தனையோ பேருக்கு டிஎஸ்ஹெச் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது, புற்று இல்லை.

ஆன்டி-டிபிஓ 600க்கு மேல். இது புற்றுநோய்க் குறியா?

இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி தைராய்டையே தாக்கும் ஹாஷிமோட்டோ என்ற நிலையைக் காட்டும் குறி இது. நம் பெண்களிடையே மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. கட்டியின் தன்மையை இதைக்கொண்டு பிரிக்க முடியாது.

தைரோகுளோபுலின் 180 என்று வந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் 'ட்யூமர் மார்க்கர்' (புற்றுக் குறி) என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

தைராய்டு சம்பந்தப்பட்ட பரிசோதனைகளில் வீண் பயத்தை அதிகம் கிளப்புவது இதுதான் என்று நினைக்கிறேன். அந்தத் தலைப்பை நம்பிப் பயப்பட வேண்டாம்.

தைரோகுளோபுலின் என்பது தைராய்டு செல்கள் ஹார்மோனைத் தயாரிக்கவும் சேமிக்கவும் பயன்படுத்தும் புரதம். ஆரோக்கியமான எல்லோருடைய ரத்தத்திலும் கொஞ்சம் கசிந்திருக்கும். டிஎஸ்ஹெச் நார்மலாக இருக்கும்போது ஒரு கிராம் தைராய்டுக்கு மில்லி லிட்டருக்குச் சுமார் ஒரு நானோகிராம் என்று தோராயமாகக் கணக்கிடுவார்கள். சுரப்பி பெரிதானால் எண்ணும் பெரிதாகும். பல கட்டிகள் கொண்ட சாதாரணக் கழலையில் நூற்றுக்கணக்கில் ஏறுவதுண்டு. கிரேவ்ஸ் நோய் (தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய்), தைராய்டு அழற்சி, அயோடின் பற்றாக்குறை எல்லாவற்றிலும் ஏறும். ஊசி டெஸ்ட் செய்த பிறகு செல்கள் கலைவதாலும் ஏறும், இறங்கச் சில வாரங்கள் ஆகும். இன்னொரு பக்கம், ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள பாப்பிலரி புற்று இருப்பவருக்கு இந்த எண் முழுக்க நார்மலாக இருக்கலாம்.

இதனால்தான் அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல், கட்டியை முதன்முதலில் பரிசோதிக்கும்போது தைரோகுளோபுலினை வழக்கமாகப் பார்க்க வேண்டாம் என்று சொல்கிறது. யாரும் கேட்காத கேள்விக்குப் பணம் கொடுத்து ஒரு பதிலை வாங்கி, அதைப் பார்த்துப் பயப்படுவது வேண்டாத வேலை.

பிறகு அதை ட்யூமர் மார்க்கர் என்று ஏன் சொல்கிறார்கள்?

பாப்பிலரி அல்லது ஃபாலிகுலர் புற்றுக்காகத் தைராய்டு முழுவதையும் அகற்றியவர்களிடம் அது அருமையான குறி. சுரப்பியே இல்லாதபோது இந்தப் புரதம் வர வேறு இடம் இல்லை. அதற்குப் பிறகும் எண் ஏறிக்கொண்டே போனால், எங்கோ செல்கள் மிச்சம் இருக்கின்றன அல்லது புற்று திரும்புகிறது என்று அர்த்தம். அதே புரதம், அதே மெஷின். ஆபரேஷனுக்கு முன்பு எதையும் பிரித்துச் சொல்லாதது, பின்பு மிகத் துல்லியமாகப் பேசுகிறது.

இதோடு ஆன்டி-தைரோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்த வகைப் புற்றுள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது இருக்கும். இருந்தால், இன்று பரவலாகப் பயன்படும் முறையில் தைரோகுளோபுலின் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

இன்னொரு பயனும் உண்டு. கழுத்தில் நெறிகட்டியிருந்தால் அதில் ஊசி போட்டு, ஊசியைக் கழுவிய நீரில் தைரோகுளோபுலின் பார்ப்பார்கள். நெறியில் அந்தப் புரதம் அதிகமாக இருந்தால் தைராய்டு புற்று அங்கே பரவியிருக்கிறது என்று கொள்ளலாம்.

கால்சிடோனின் எதைக் காட்டும்?

தைராய்டுக்குள் சி-செல் என்று கொஞ்சம் செல்கள் தனியாக இருக்கின்றன. அவை தைராய்டு ஹார்மோனைச் சுரப்பதில்லை, கால்சிடோனினைத்தான் சுரக்கின்றன. மெடுல்லரி புற்று இந்தச் செல்களில்தான் தொடங்குகிறது. மொத்தத் தைராய்டு புற்றுகளில் சில சதவீதம்தான் என்றாலும், பாப்பிலரியைவிட இது கடுமையானது. கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கும் கட்டுப்படாது. தாமதமில்லாமல் கண்டுபிடித்து முழுமையாக அகற்றுவதில்தான் குணம் இருக்கிறது.

பெரும்பாலான லேப்களில் நார்மல் எல்லை மில்லி லிட்டருக்கு 10 பிகோகிராம் அளவில் இருக்கும். ஆண்களுக்கு இயல்பாகவே பெண்களைவிடச் சற்று அதிகம். கட்டி இருப்பவருக்கு 100ஐத் தாண்டினால் மெடுல்லரி புற்று என்ற சந்தேகம் மிக வலுவாகிறது. தைராய்டு கட்டி விஷயத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை இவ்வளவு தெளிவாகப் பேசுவது இங்கே மட்டும்தான்.

மெடுல்லரி புற்றை ஊசி டெஸ்ட் சரியாகப் பெயர் சொல்லிக் கண்டுபிடிப்பது பாதிக்குச் சற்று மேற்பட்ட நேரங்களில்தான். ஊசி கழுவிய நீரில் கால்சிடோனின் பார்த்தால் அந்தக் குறை பெருமளவு நீங்கிவிடுகிறது. ஊசி ரிப்போர்ட்டில் சந்தேகம் இருந்தால் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

எனக்குக் கால்சிடோனின் 22. என்ன செய்வது?

10க்கும் 100க்கும் இடைப்பட்டது தெளிவில்லாத பகுதி. இங்கே முதலில் மற்ற காரணங்களைத் தேட வேண்டும். சிறுநீரகக் கோளாறு, புகைப்பழக்கம், தைராய்டு அழற்சி எல்லாம் ஏற்றும். நம் ஊரில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கேஸ் மாத்திரை. பான்டோபிரசோல், ஒமெப்ரசோல் போன்றவற்றை மாதக்கணக்கில் போடுபவர்களுக்கு கேஸ்ட்ரின் என்ற ஹார்மோன் ஏறி, அது சி-செல்களைத் தூண்டும். வருடக்கணக்கில் காலையில் எழுந்ததும் இதைப் போடுபவர்கள் மருந்துப் பட்டியலில் அதைச் சொல்வதே இல்லை. தயவுசெய்து சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாமல், டாக்டரிடம் கேட்டு நிறுத்திவிட்டுத் திரும்பப் பார்க்கலாம்.

ரத்த மாதிரியைக் கையாள்வதும் முக்கியம். கால்சிடோனின் அறை வெப்பத்தில் சிதையக்கூடியது. ரத்தம் எடுத்ததும் குளிர்ச்சியில் வைத்து, சீக்கிரம் சீரம் பிரித்து உறைய வைக்க வேண்டும். வீட்டில் எடுத்து, பைக்கில் வெயிலில் சுற்றி, மாலையில் லேபுக்குப் போய்ச் சேர்ந்த மாதிரியில் குறைவான எண் வந்தால் அதை அப்படியே நம்புவது சரியல்ல. மறுபடி பார்க்கும்போது அதே லேபில், அதே முறையில் பாருங்கள். முறைக்கு முறை எண் மாறும்.

கட்டி இருக்கும் எல்லோருக்கும் கால்சிடோனின் பார்க்க வேண்டுமா?

உலகமே இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஐரோப்பாவில் பல மையங்கள் வழக்கமாகவே பார்க்கின்றன. அமெரிக்கச் சங்கம் 2015ல் பார்க்கவும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அரிய நோய்க்கு எல்லோரையும் பரிசோதித்தால், இடைப்பட்ட எண் வந்து அலைக்கழிபவர்களே அதிகமாக இருப்பார்கள். என் கருத்து இது: குடும்பத்தில் மெடுல்லரி புற்றோ, பரம்பரையில் அதோடு சேர்ந்து வரக்கூடிய அட்ரினல் சுரப்பிக் கட்டியோ இருந்தால், ஊசி ரிப்போர்ட் அந்தப் பக்கம் கை காட்டினால், அல்லது கட்டிக்காக ஆபரேஷன் முடிவாகிவிட்டால் பார்ப்பது நல்லது. கடைசியாகச் சொன்னதற்குக் காரணம், மெடுல்லரி என்று முன்பே தெரிந்தால் ஆபரேஷனே வேறு மாதிரி, கழுத்து நெறிகளையும் சேர்த்துத் திட்டமிட வேண்டியிருக்கும்.

மெடுல்லரி உறுதியானால் ரெட் என்ற மரபணுவைப் பரிசோதிக்க வேண்டும். ஏறக்குறைய நான்கில் ஒன்று பரம்பரையாக வருவது. வயதானவருக்கு, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாதபோது வந்தாலும் இதைத் தவிர்க்கக் கூடாது. மரபணு மாற்றம் இருந்தால் பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் பரிசோதித்து, கட்டி வருவதற்கு முன்பே காப்பாற்ற முடியும். கத்தி வைப்பதற்கு முன் அட்ரினலில் ஃபியோகுரோமோசைட்டோமா கட்டி இல்லை என்பதையும் மெட்டாநெஃப்ரின் பரிசோதனையால் உறுதி செய்ய வேண்டும். அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக எகிறும்.

சிஇஏ?

இதுவும் ரத்தத்தில் பார்க்கும் ஒரு புரதக் குறி. மெடுல்லரி புற்று உறுதியானவர்களைத் தொடர்ந்து கண்காணிக்கக் கால்சிடோனினோடு பார்ப்பார்கள். கட்டி எந்த வகை என்று கண்டுபிடிக்க உதவாது. புகைபிடிப்பவர்களுக்கும் குடல் நோய் உள்ளவர்களுக்கும் கூட ஏறும்.

ஊசி டெஸ்டில் 'பெதஸ்டா 4' என்று வந்திருக்கிறது. செல்லையே எடுத்துப் பார்த்தும் ஏன் உறுதியாகச் சொல்லவில்லை?

ஊசி ரிப்போர்ட்டை ஆறு வகையாகப் பிரிக்கும் முறைதான் பெதஸ்டா. 2023 பதிப்பின்படி 2ஆம் வகையில் புற்றுக்கான வாய்ப்பு சராசரியாக 4 சதவீதம், 6ஆம் வகையில் 97. நடுவில் இருக்கும் 3ல் 22, 4ல் 30. இந்த நடுப் பகுதிதான் எல்லோரையும் சோதிக்கிறது.

4ஆம் வகையில் வருவது ஃபாலிகுலர் கட்டி. சாதாரண ஃபாலிகுலர் கட்டியின் செல்லும் ஃபாலிகுலர் புற்றின் செல்லும் பார்ப்பதற்கு ஒன்றே. கட்டியைச் சுற்றியுள்ள உறையையோ ரத்தக் குழாயையோ செல்கள் துளைத்துப் போயிருக்கின்றனவா என்பதுதான் வித்தியாசம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஊசியில் வந்த செல்களில் உறை தெரியாது. முழுக் கட்டியையும் எடுத்து, உறையைச் சுற்றிலும் வெட்டிப் பார்க்க வேண்டும். அதனால்தான் பல காலமாகப் பாதித் தைராய்டை எடுத்துவிட்டு, கடைசியில் சாதாரணக் கட்டிதான் என்று சொல்ல வேண்டிய நிலை இருந்தது. மரபணுக் குறிகள் வந்தது இந்த வீண் ஆபரேஷன்களைக் குறைக்கத்தான்.

பிராஃப் டெஸ்ட் பாசிட்டிவ் என்றால்?

பிராஃப் மரபணுவில் வி600ஈ என்ற மாற்றம் ஊசி மாதிரியில் இருந்தால் பாப்பிலரி புற்று என்பது ஏறக்குறைய உறுதி. ஆனால் பாப்பிலரி புற்றுகளிலேயே ஏறக்குறைய பாதியில்தான் அது இருக்கிறது. ஆகவே நெகட்டிவ் என்பது 'புற்று இல்லை' ஆகாது. இதோடு டெர்ட் மரபணுவின் தொடக்கப் பகுதியிலும் மாற்றம் இருந்தால் புற்று வேகமாகப் போகும் வகை என்று எச்சரிக்கையாவார்கள்.

ராஸ் பாசிட்டிவ் என்றால்?

அவ்வளவு தெளிவு இல்லை. ராஸ் மரபணு மாற்றம் ஃபாலிகுலர் புற்றிலும் இருக்கும், சாதாரண ஃபாலிகுலர் கட்டியிலும் இருக்கும், இடைப்பட்ட வகையிலும் இருக்கும். 'நிஃப்ட்பி' என்று ஒரு வகையை 2016ல் புற்றுப் பட்டியலிலிருந்தே எடுத்துப் பெயர் மாற்றினார்கள். உறைக்குள் அடங்கியிருந்து எங்கும் துளைக்காத அந்தக் கட்டிகளில் ராஸ் மாற்றம் அதிகம். முன்பு புற்று என்று எண்ணிய ஒன்றைப் புற்றல்ல என்று ஆக்கியதும், பழைய பரிசோதனைகளின் துல்லியக் கணக்குகளும் மாறிப்போயின. மார்க்கர் பற்றிய பழைய ஆய்வுகளைப் படிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அஃபிர்மா, தைரோசீக் பற்றிக் கேள்விப்பட்டேன். செய்யலாமா?

இரண்டும் பெதஸ்டா 3, 4 போன்ற தெளிவில்லாத ஊசி மாதிரிகளுக்காக அமெரிக்காவில் உருவானவை. அஃபிர்மா, மரபணுக்கள் எந்த அளவில் செயல்படுகின்றன என்ற கோலத்தைப் பார்க்கிறது. தைரோசீக்கின் மூன்றாம் பதிப்பு 112 மரபணுக்களில் மாற்றங்களைத் தேடுகிறது.

2018ல் வெளியான ஆய்வில் புதிய அஃபிர்மா 91 சதவீதப் புற்றுகளைப் பிடித்தது, சாதாரணக் கட்டிகளில் 68 சதவீதத்தைச் சரியாக விலக்கியது. 2019ல் தைரோசீக்குக்கு இந்த எண்கள் 94, 82. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். தெளிவில்லாத கட்டி உள்ள 100 பேரில் 25 பேருக்குப் புற்று என்று வையுங்கள். அஃபிர்மா 23 பேரைப் பிடிக்கும், 2 பேரைத் தவறவிடும். மீதி 75 சாதாரணக் கட்டிகளில் 51ஐச் சாதாரணம் என்றும், 24ஐச் சந்தேகம் என்றும் சொல்லும். ஆக, 'சாதாரணம்' என்ற பதில் வந்த 53 பேரில் 51 பேருக்கு அது சரி. 'சந்தேகம்' என்று வந்த 47 பேரில் பாதிப் பேருக்குத்தான் புற்று. நெகட்டிவ் வந்தால் பெருமளவு நிம்மதியாக இருக்கலாம், பாசிட்டிவ் வந்தால் அது தீர்ப்பு அல்ல. ஒரு மருத்துவமனைக்கு வருபவர்களில் புற்று உள்ளவர்களின் பங்கு இதைவிட அதிகமானால், நெகட்டிவ் தரும் நிம்மதியும் குறையும்.

செலவு மிக அதிகம். கட்டி 4 சென்டிமீட்டரைத் தாண்டி விழுங்கச் சிரமம் கொடுக்கிறது, எப்படியும் எடுக்கத்தான் போகிறார்கள் என்றால் இந்தச் செலவு பெரும்பாலும் தேவையில்லை. பெதஸ்டா 3 என்றால் சில வாரங்கள் கழித்து ஊசி டெஸ்டைத் திரும்பச் செய்வதும் நல்ல வழிதான். திரும்பச் செய்யும்போது பலருக்குத் தெளிவான பதில் கிடைத்துவிடுகிறது.

கேலக்டின்-3 சாயம் போட்டுப் பார்த்தார்கள். அது என்ன?

புற்று செல்களில் அதிகம் காணப்படும் ஒரு புரதம். இத்தாலியில் பல மையங்கள் சேர்ந்து செய்து 2008ல் வெளியிட்ட ஆய்வில் 78 சதவீதப் புற்றுகளைப் பிடித்தது, 93 சதவீதச் சாதாரணக் கட்டிகளைச் சரியாக விலக்கியது. ஹெச்பிஎம்ஈ-1, சிகே19 என்ற வேறு குறிகளின் சாயங்களோடு சேர்த்துப் போடுவார்கள். மரபணுப் பரிசோதனையைவிட மலிவு. ஆனால் சாயத்தைப் படிக்கும் கண்ணின் அனுபவத்தைப் பொறுத்தது.

முடி கொட்டுவதற்கு மாத்திரை சாப்பிடுகிறேன். டெஸ்ட் பாதிக்குமா?

அதில் பயோட்டின் என்ற வைட்டமின் இருந்தால் பாதிக்கலாம். சில மெஷின்களில் டிஎஸ்ஹெச், தைரோகுளோபுலின் போன்றவை பொய்யாகக் குறைந்தும், ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ஹார்மோன் பொய்யாக ஏறியும் தெரியும். பார்ப்பவர் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று நினைத்துத் தேவையில்லாத ஸ்கேனுக்கு அனுப்பிவிடுவார். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள். லேபிலும் சொல்லுங்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஸ்கேனும் டெஸ்டும் எடுத்துவிடலாமா?

வேண்டாம். தென்கொரியாவில் உடல் பரிசோதனைத் திட்டங்களோடு கழுத்து அல்ட்ராசவுண்டும் சேர்ந்துகொண்டதில், 2011ல் தைராய்டு புற்றுநோய்க் கணக்கு 1993ல் இருந்ததைப் போல 15 மடங்கானது. இறப்பு எண்ணிக்கை மாறவே இல்லை. கண்டுபிடித்தவற்றில் பெரும்பகுதி, ஆயுள் முழுக்கத் தொந்தரவு தந்திருக்காத சின்னஞ்சிறு பாப்பிலரி புற்றுகள். அதற்காகத் தைராய்டை இழந்து தினமும் மாத்திரை போடுபவர்கள் ஏராளம். 2014ல் அங்குள்ள டாக்டர்களே இதை எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகு ஆபரேஷன்கள் சட்டென்று குறைந்தன. பரம்பரை மெடுல்லரி உள்ள குடும்பம், சிறு வயதில் கழுத்தில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோர் கதை வேறு. அவர்கள் டாக்டர் சொல்படி பார்க்க வேண்டும்.

எடை குறைக்கும் ஊசி போடப் போகிறேன். தைராய்டில் சின்னக் கட்டி இருக்கிறது. கால்சிடோனின் பார்த்துவிட்டுப் போடலாமா?

செமாக்ளூடைட், டிர்செபடைட் போன்ற மருந்துகளின் அமெரிக்க எச்சரிக்கைக் குறிப்பு, எலிகளில் சி-செல் கட்டிகள் வந்ததைச் சொல்கிறது. மனிதர்களுக்கும் அப்படி வருமா என்பது உறுதியாகவில்லை. தனக்கோ குடும்பத்தாருக்கோ மெடுல்லரி புற்று இருந்தவர்களும், மென்-2 என்ற பரம்பரை நோய் உள்ளவர்களும் அதைப் போடக் கூடாது. மற்றவர்களுக்கு வழக்கமாகக் கால்சிடோனின் பார்த்துக்கொண்டே இருப்பதன் பலன் நிச்சயமில்லை என்று அதே குறிப்பு சொல்கிறது. முதலில் குடும்பத்துப் பெரியவர்களிடம் யாருக்காவது தைராய்டு புற்று இருந்ததா, எந்த வகை என்று கேளுங்கள். பழைய பயாப்ஸி ரிப்போர்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. அதையும், உங்கள் கட்டியின் அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டையும் ஊசி எழுதும் டாக்டரிடம் முதல் நாளே காட்டிவிடுங்கள்.